குளிரறை ஸ்வெட்டர்

எழுபதுகளின் பிற்பாதியில் திருத்தணியில் எங்கள் தெருவில் ஸ்வெட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பனிக்காக வாங்கியதல்ல. மெட்ராஸில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கென்று ஒரு குளிரறை உண்டு. அதற்குள் போய் வருவதற்காக வாங்கிய சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர் அது. சனிக்கிழமை துவைக்க வீட்டுக்குக் கொண்டுவருவேன், திங்கட்கிழமை அதிகாலைப் பாசஞ்சரில் எடுத்துப்போவேன்.

என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலியைக் குளிரில் வைத்தால் முதலில் நடுங்கும். சில நாட்களில் நடுக்கம் நின்றுவிடும், ஆனால் உடம்பு சில்லிட்டுப் போகாது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்பு நிறக் கொழுப்பு அடுப்பு மாதிரி எரிந்து சூடு தரும். சாதாரணக் கொழுப்பு சேர்த்து வைக்கும், இது செலவழிக்கும். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டால் இந்த அடுப்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நானே அறுத்து எடுத்தேன், நானே குறித்து வைத்தேன். அந்த எலிகள் ஓரத்தில் சுருண்டு படுத்திருக்கும். ரோமம் பொலிவிழந்து உதிரும். தீனி குறைவாகத் தின்றும் உடம்பு ஊதும். 'மந்தம்', 'குளிர் தாங்கவில்லை' என்று என் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

என் மனைவி அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண், என் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்கு முன் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தறியில் உட்கார்ந்தவள். இரண்டு குறைப்பிரசவத்துக்குப் பிறகு அவள் மெல்ல மெல்ல மாறினாள். பாத்திரம் கழுவப் போனால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பகலில் தூங்குவாள். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும். 'டவுனுக்கு வந்து சொகுசு கண்டுகிட்ட' என்பேன். சோம்பேறி என்று முதலில் விளையாட்டாகச் சொன்னேன். பிறகு விளையாட்டில்லாமலும் சொன்னேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம் அது.

அந்த ஸ்வெட்டரை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மலைப்பாறை கொதித்து வீட்டுச் சுவரெல்லாம் அனல் அடிக்கும் பங்குனியில், ஸ்வெட்டரோடு வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "குளுருது பாவா" என்பாள்; அத்தை மகன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அதை நம்பவில்லை. வாரம் பூராவும் நான் மெட்ராஸில் கிடப்பதால் என் துணியைப் போட்டுக்கொள்கிறாள், பாவம், ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. குளிர் என்றால் என் கணக்கில் அது குளிரறைக்குள் இருப்பது. திருத்தணி வெயிலில் ஒரு மனுஷிக்குக் குளிரும் என்பதை என் படிப்பு ஏற்றுக்கொள்ளவில்லை.

குழந்தைக்காக அவள் முருகனுக்கு முடி வேண்டிக்கொண்டிருந்தாள். சித்திரையில் மலைக்குப் போனோம். பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தாள். பின்னால் வந்த கிழவிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்கு மானம் போனது. எழுந்திரு, எழுந்திரு என்று அதட்டிக்கொண்டே ஏறினேன்.

முடி எடுக்கும் மண்டபத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதுக்காரர். தலையில் தண்ணீர் விட்டு, கத்தி படுமுன் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்து ஊறவைப்பது அவர்கள் வழக்கம். என் மனைவியின் தலையைத் தேய்த்தவர் சட்டென்று கையை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் கை வைத்துப் பார்த்தார். மறுபடி இவள் தலையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். காலையிலருந்து எத்தினியோ தலை புடிச்சிகினு கீறேன். வெயில்ல ஏறி வந்த தலை எல்லாம் கொதிக்குது. அம்மா தலை மட்டும் சில்லுனு கீது. முடியும் தேங்கா நாராட்டம் கீது. டாக்டராண்ட ஒருவாட்டி காட்டுங்க."

அவர் செய்தது ஒரு பரிசோதனை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தலையையும் தொட்டுவிட்டுத்தான் சொன்னார். நான் எலிகளிடம் செய்ததும் அதேதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடம்பின் சூட்டைப் பற்றி எனக்கே பாடம் சொல்கிறாரா என்று இருந்தது. முடி எடுக்க வந்தவர் முடியை எடுத்தால் போதும் என்றேன். அவர் வேலையை முடித்து, சந்தனத்துக்குக் கை காட்டினார்.

இறங்கும்போது அவள், அந்த ஆள் சொன்னபடி ஒருதரம் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். வேலை செய்தால் உடம்பு தானாகச் சூடாகும் என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

எட்டு மாதம் போனது. மொட்டை போட்ட தலை திட்டுத் திட்டாகத்தான் முளைத்திருந்தது. மார்கழியில் முகம் வீங்கி, குரல் ஆண்குரலாகக் கட்டிப்போனபோதுதான் ரயிலடிப் பக்கமிருந்த லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் முகத்தைப் பார்த்தார், தோலைத் தொட்டார், முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் எழுந்து, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. தைராய்டு என்றார். ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பச் சொன்னார். எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். எனக்கு என்ன வேலை என்றும் கேட்டார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட ஆராய்ச்சியைப் பற்றி அளந்துகொண்டு வருகிறவன், மெட்ராஸில் வேலை என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அவள் திரும்பி வந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்தாள், படபடவென்று பேசினாள், வெயில் தாங்கவில்லை என்று விசிறிக்கொண்டாள். குழந்தை மட்டும் கடைசிவரை பிறக்கவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் பிறந்திருக்குமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. பதிலுக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டரைத் துவைத்துக் காயவைத்து எடுத்துவந்தவள், மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்ல தான பாவா?"

இத்தனை வருஷம் நான் சொன்னதை அவள் நம்பியே இருந்திருக்கிறாள். இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பாடம் எடுத்தேன். சுரப்பி வேலை செய்யாவிட்டால் உடம்பு எப்படிச் சூட்டை உண்டாக்கத் தெரியாமல் தவிக்கும் என்று விளக்கினேன். என் எலிகளும் அப்படித்தான், சுருண்டு படுத்திருக்கும், ரோமம் கொட்டும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவள் கவனமாகக் கேட்டாள்.

"பாவம். அந்த எலிங்கள அப்பிடியேவா வுட்டுட்டீங்க?"

"இல்ல. நீ மாத்திரையா சாப்பிடற அதே மருந்த ஊசியா போட்டேன். தேறிடுச்சு."

"எப்ப?"

"மூணாவது வாரமே."

அவள் தலையாட்டினாள். மடித்த ஸ்வெட்டரை என் பைக்குள் வைத்து மூடிவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.