வெள்ளிக்கிழமை வரும் இரண்டாவது சீட்டு

தாராவியில் தோல் பை செய்யும் காதர் பாய் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தார்.

"தம்பி, உங்க சிஸ்டம் பெரிய லோச்சா பண்ணிட்டு. ஒரே ஆர்டருக்கு ரெண்டு வெட்டுச் சீட்டு. செம்பூர் கடைக்கு வச்சிருந்த செவப்புத் தோலையும் மாஸ்டர் வெட்டிட்டாரு. வெட்டுன தோல ஒட்டவா முடியும்? இன்னொரு தடவ ஆச்சுன்னா மிஷினக் கழட்டிருவேன்."

அவருடைய ஆர்டர் இணையதளத்தை ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பில் எழுதியிருந்தோம். சீட்டு அச்சாகும்வரை பக்கம் சுற்றிக்கொண்டே நின்றதால், அந்த வாரம்தான் பேக்ரவுண்ட் ஜாப் சேர்த்திருந்தேன். தளம் வேலையை வரிசையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். பட்டறைக் கணினியில் ஓடும் வொர்க்கர் என்ற நிரல் அதை எடுத்து, வெட்டுச் சீட்டை அச்சடித்து, முடிந்தது என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் அதே வேலை மறுபடி வரும்.

மாட்டுங்கா அலுவலகத்தில் எத்தனை முறை சோதித்தாலும் ஒரு சீட்டுதான் வந்தது. கணினியின் லாக் பதிவுகளைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறைக்கே போய் உட்கார்ந்தேன்.

மதியம் தொழுகைக்குக் கிளம்பிய பாய், மெயின் ஸ்விட்சை அணைத்தார். அந்த நொடிதான் ஒரு சீட்டு வெளியே வந்திருந்தது.

"பாய், கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கே?"

"தோல் ஒட்டுற சொலூஷன் வாட அடிக்கி, பாத்தியளா? ஒரு பொறி போதும். ஆளில்லாதப்போ கரண்ட் இருக்கப்படாது."

திரும்பி வந்து ஸ்விட்சைப் போட்டதும் அதே சீட்டு மறுபடி வந்தது. முடிந்தது என்ற பதிலை வொர்க்கர் அனுப்புமுன் மின்சாரம் போயிருந்தது. கட்டிங் மாஸ்டர் செல்வம் கை நீட்டுமுன் எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு சீட்டு வந்தா ரெண்டு ஆர்டர்னுதான நெனைப்பேன்" என்றார் அவர்.

அச்சுக்கு ஒருமுறை அனுப்பிய ஆர்டர் எண்ணை மறுபடி அச்சிடாதே என்று எழுதிவிடலாம். ஆனால் அனுப்பியபின், தாள் வெளியே வருமுன் மின்சாரம் போனால்? சீட்டே வராது. எப்படிப் புரட்டினாலும் கணினிக்கு உறுதியாகத் தெரிய வழியில்லை. கடைசியில், மறுபடி வரும் சீட்டின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: 'முன்பே வந்திருக்கலாம். முதல் சீட்டைத் தேடிவிட்டு வெட்டவும்.'

செல்வம் சிரித்தார். "மிஷினுக்கும் நம்மள மாதிரி சந்தேகம் வருதுல்லா."

அதற்கடுத்த வெள்ளி, தொழுகை முடிந்து ஸ்விட்சைப் போட்டதும் அந்த வரியோடு ஒரு சீட்டு வந்தது. செல்வம் மேசையைத் துழாவினார். "இந்தா கெடக்கு மொதல் சீட்டு" என்று கத்தியைக் கீழே வைத்தார். மிஷினைக் கழற்றும் பேச்சைப் பாய் எடுக்கவில்லை. எனக்குச் சாயா சொன்னார்.

பேக்ரவுண்ட் ஜாப் எழுதுகிறவர்களுக்கு: எந்த வேலையும் இரண்டு முறை ஓடும் என்று நினைத்தே எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று மென்பொருளும் சொல்லட்டும். முதல் நாளே மெயின் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.