ஊர்ப்பருந்தும் ஒரு கம்பியும்

போன வாரம் எங்கள் பழைய போட்டோ கிளப்பின் வாட்சப் குழுவில் ஒருவர் பருந்துப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். அவர் வீட்டு பால்கனி கிரில்லில் வந்து உட்கார்ந்த பருந்து. படத்தில் கிரில் மட்டும் இல்லை. வெறும் நீல வானம். நடுவில் அந்தப் பருந்து, விரல்களை மடக்கி, ஒன்றுமே இல்லாததை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "ஒரே தட்டு, போனே துடைச்சிடுச்சு" என்று கீழே எழுதியிருந்தார். வரிசையாகக் கைதட்டல்கள், பூங்கொத்துகள். எனக்கோ அந்தக் கால்களை விட்டுக் கண் நகரவில்லை.

எரிச்சலோடு எழுந்து போய்ப் பரணில் கிடந்த என் கேமரா பையை இறக்கினேன். பை என்றால் நீங்கள் நினைக்கிற பை இல்லை. காய்கறி வாங்கும் ஒயர் கூடை. தொண்ணூறுகளில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் தோளில் கேமரா பையோடு இறங்கினால், ஏறும்போது தோள் மட்டும்தான் மிஞ்சும் என்பார்கள். அதனால் கேமராவைத் துண்டில் சுற்றி, நீள லென்ஸுக்குத் தம்பியின் குரங்குக் குல்லாயை மாட்டி, மேலே நாலு முருங்கைக்காயைப் பரப்பிவிடுவேன். கண்டக்டர்கூட ஒருமுறை, "அம்மா, முருங்கைக்காய் ஏன் இவ்வளவு கனம்?" என்று கேட்டார். சாம்பாருக்கு எடுக்கிற காய் இல்லை, விதைக்கு எடுக்கிற காய் என்று சொல்லித் தப்பித்தேன்.

கூடையின் அடியில் ஒரு ஜீன்ஸ் துணிப்பை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகப் பச்சைப்பயறு வாசம். காட்டுக்குப் போகிறவர்கள் ஜீப் கம்பிமேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ள இப்படியொரு மூட்டை வைத்திருப்பார்கள். கடையில் வாங்க வழியில்லை என்று, தம்பியின் பழைய ஜீன்ஸில் ஒரு காலை வெட்டி அம்மாவே தைத்துக் கொடுத்தாள். உள்ளே என்ன போடுவது? ராகி தையல் வழியே ஒழுகியது. பச்சைப்பயறு கச்சிதமாக நின்றது.

அப்போது பிரேசர் டவுனில் ஒரு கலர் போட்டோ லேபில் எனக்கு வேலை. மற்றவர்களின் கல்யாணங்களைக் கழுவி உலர்த்திக் கவரில் போட்டுக் கொடுப்பது. அங்கேதான் யாரும் சொல்லித்தராமல் எல்லாம் கற்றுக்கொண்டேன். எடிட்டிங் என்றால் அன்று எனக்கு ஒளிப்பெட்டி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, குப்பைக்கூடை ஒன்று. ஸ்லைடுகளைப் பரப்பி, தேறாததைத் தூக்கிப் போடுவதுதான் எடிட்டிங். படத்துக்குள் இருப்பதைத் தூக்கிப் போடலாம் என்று யாருக்கும் தெரியாது. எடுக்காத பிலிம் சுருள்கள் வீட்டு பிரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தன. "மாவு பொங்கினா உன் புலியெல்லாம் இட்லியாயிடும்" என்பாள் அம்மா.

புலி எங்கே வந்தது? லேபில் லீவு சொல்லிவிட்டு ஒருமுறை கிளப்போடு பந்திப்பூர் போனேன். ஜீப்பில் முன்வரிசை முழுக்க மற்றவர்களின் முழங்கை நீள லென்ஸ்கள், பின்னால் நான். மழை வேறு. படங்களில் தேறியவை இரண்டு தொப்பியும் ஒரு காட்டெருமை வாலும். மூன்றாம் நாள் என் மூட்டையைத் தூக்கிய கிளப் செயலாளர் சேதுராமன் சார் திடுக்கிட்டார். தையல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளை.

"ஏம்மா, காட்டுக்கு போட்டோ எடுக்க வந்தியா, தோட்டம் போட வந்தியா?"

ஜீப்பே சிரித்தது. நானும்தான். வீட்டுக்கு வந்தால் அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பயறாவது முளைச்சுது. படம் எதாச்சும் முளைச்சுதா?" என்றாள்.

முளைத்தது, சிவாஜிநகரில். நசீமாக்கா தன் மகள் நிக்காஹ் ஆல்பத்துக்காக எங்கள் லேபுக்கு வந்தவர். கீழே அவர் கணவர் ரஹ்மத் பாயின் கறிக்கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதில் பருந்துக் கூடு. எனக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதற்குள் பந்திப்பூர் போய் வர முடியாது, நசீமாக்கா மாடிக்குப் போய் வரலாம். மாடிக் கட்டைச்சுவரில் ஜீன்ஸ் மூட்டை, அதன்மேல் லென்ஸ், பக்கத்தில் பால் சேர்க்காத சுலைமானி டீ.

"எங்க கடைக்கு ரெண்டு வாடிக்கை மா" என்பார் நசீமாக்கா. "ஒண்ணு வாசல் வழியா வருது, ஒண்ணு மேல வழியா வருது. மேல வர்றது பேரம் பேசாது."

"காட்டுலயும் பருந்து இருக்கே அக்கா."

"நக்கோ மா, வேணாம். சீலுக்குக் காடு எதுக்கு? சிவாஜிநகர் இருக்கே."

சீல் என்றால் அவர்கள் வீட்டு மொழியில் பருந்து. அம்மாவுக்கு அது கள்ளப்பருந்து. வெள்ளைக் கழுத்துக் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்; இதைப் பார்த்தால் வடாம் காக்கக் குச்சியைத் தேடுவாள். ஒரே வானம், ஆனால் பாருங்கள், அங்கேயும் நாம் வரிசை வைத்திருக்கிறோம்.

மாடிக்குக் குறுக்கே மின்கம்பி போகும். அதில் ரஹ்மத் பாய் விட்ட பட்டம் ஒன்று கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "பேரன் எடுக்கற வயசுல பதங் விடறாரு, கம்பிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாரு" என்று நசீமாக்கா கணவருக்குக் கேட்கும்படியே சொல்வார். கீழேயிருந்து பதில், கத்தி மரக்கட்டையில் விழும் சத்தம்தான்.

ஒரு ஞாயிறு கூட்டுக்குத் துணிக்கிழிசல் ஒன்றைக் கவ்விக்கொண்டு பருந்து வந்தது. கம்பிக்கு நேரே வந்தது. முட்டப்போகிறது என்று நான் மூச்சை நிறுத்தியபோது ஒரு சிறகை மேலே தூக்கி, மற்றதை மடக்கி, உடம்பைக் கத்திபோல் சாய்த்துக் கம்பிக்கும் பட்டத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தினேன். ஒளிப்பெட்டியில் அந்த ஸ்லைடைப் பூதக்கண்ணாடி வைத்து மறுபடி மறுபடி பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இதற்காகத்தான் வாழ்ந்தேன் என்று தோன்றும் அல்லவா, அப்படியொரு படம்.

கிளப்பின் வருடாந்திரக் கண்காட்சியில் என் படம் ஒன்றுகூட அதுவரை மாட்டப்பட்டதில்லை. இது மாட்டப்படும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. லேபில் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்த புதிது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். சேதுராமன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

"டைமிங் பிரமாதம். ஆனா வைல்டுலைஃப்ல மனுஷன் கைபட்டது எதுவும் தெரியக்கூடாதே. அந்தக் கம்பியையும் கந்தலையும் மட்டும் எடுத்துடு. முதல் வரிசையில மாட்டறேன்."

"படத்தை மாத்தக்கூடாதுன்னும் ரூல் இருக்கே சார்?"

"இது மாத்தறது இல்லம்மா, க்ளீனிங்."

"கம்பியோட இருக்கட்டுமே சார். அது ஊர்ல இருக்கற பருந்துதானே?"

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பழமொழி கிடைத்தால் விடமாட்டார், என்னைப் போலவே. "உயர உயரப் பறந்தாலும் ஊர்ப்பருந்து காட்டுப்பருந்தாகாதும்மா."

எனக்குச் சுருக்கென்றது, அதே நேரம் ஊர்க்குருவி இருந்த இடத்தில் அவர் உட்கார்த்திவைத்த அந்தச் சொல் பிடித்தும் போனது. ஊர்ப்பருந்து. படத்துக்கு அதையே பேராக வைத்தேன்.

ஆசை யாரை விட்டது? மறுநாள் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜோசப்பிடம் படத்தைக் காட்டினேன். மாப்பிள்ளைகளின் முகப்பருவைத் துடைத்தே பேர் வாங்கியவர். "கம்பிதானே? மாப்ள மூஞ்சிய விட இது ஈசி மேடம்" என்று உட்கார்ந்தார். கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பட்டமும் போனது. இருவரும் பார்த்தோம்.

ஜோசப்தான் முதலில் வாயைத் திறந்தார். "பருந்துக்கு ஏன் மேடம் சுளுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு?"

அதேதான். கம்பிக்காகத்தான் அது சாய்ந்தது. கம்பி போனதும், காலி வானத்தில் காரணமில்லாமல் உடம்பை முறுக்கிக்கொண்டு ஒரு பறவை. அதன் சாமர்த்தியத்தை அழித்துவிட்டு அதன் இறகை மட்டும் வைத்திருந்தோம்.

"பழையபடி வைங்க ஜோசப்."

"கண்காட்சி?"

"கண்காட்சிக்காக அதுக்குச் சுளுக்கு வர வைக்க முடியாது."

சேதுராமன் சாரிடம் போய், "கம்பியோடதான் சார் எடுத்தேன். கம்பிய எடுக்க மாட்டேன்" என்றேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். முதல் வரிசையில் அந்த வருஷம் ஒரு மயில் தொங்கியது. அழகான மயில், நான் என்ன சொல்ல.

என் பருந்தை லேபின் கண்ணாடிப் பெட்டியில், மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடிகளுக்கு நடுவே மாட்டினேன். முதலாளி முறைத்தார். "கல்யாணக் கடையில கழுகா?" என்று கேட்டார். கழுகு இல்லை சார், பருந்து என்றேன். நசீமாக்கா வந்து பார்த்தார், பறவையை அல்ல. விரலைக் கண்ணாடியில் வைத்து, "அரே, இது எங்க வீட்டுக் கம்பி. இது அவரு பதங்!" என்றார். ரஹ்மத் பாயைக் கடையைச் சாத்தவைத்து இழுத்து வந்து காட்டினார். அந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தப் பக்கம் போனால் வழி தெரிவதில்லை. சாலையை அகலப்படுத்தியபோது தூங்குமூஞ்சி மரம் போனது, கூடும்தான். அதற்குப் பிறகு வீடு. கம்பியைப் பூமிக்குள் இறக்கிவிட்டார்கள். லேப் இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். ரஹ்மத் பாய் இல்லை. மகள் வீட்டில் இருக்கும் நசீமாக்காவின் கட்டில் எதிரே என் பிரிண்ட் தொங்குகிறது. போகும்போதெல்லாம் அந்தக் கிழிந்த பட்டத்தைக் காட்டி, "பாரு, இன்னும் இறக்கல அவரு" என்கிறார். கம்பியைத் துடைத்திருந்தால் அது எந்த ஊர் வானமோ.

கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டேன். மகனோடு வெளிநாட்டில் இருக்கும் சேதுராமன் சாரிடமிருந்துதான் முதல் பதில். "இன்னுமா அந்தக் கம்பியை எடுக்கலை?"

"மரத்தை எடுத்துட்டாங்க சார். வீட்டை எடுத்துட்டாங்க. கம்பியையும் எடுத்துட்டாங்க. இது நான் எடுத்தது. இதிலேருந்து எதையும் எடுக்கறதா இல்லை" என்று எழுதினேன்.

அவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ, உதவி செய்வதாக நினைத்து, துடைத்த படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சுத்தமான வானம், சுளுக்கிய பருந்து.

நான் மறுபடியும் கம்பியோடு போட்டேன்.