நாட்டு மீன்

அணைக்குக் கீழே மீன் விற்கும் அக்காவுக்கு வாய்தான் மூலதனம். அணை வந்தபின், முட்டையிட மேலே போக வழியில்லாமல் ஆற்றுக்கெண்டை அருகிப்போனது. அந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்று அதிகாரிகள் எங்கிருந்தோ ஜிலேபி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மிச்சமிருந்த கெண்டை முட்டைகளையும் தின்று தீர்த்தது. அக்காவுக்கென்ன? ஜிலேபியையே "நாட்டு மீன், நாட்டு மீன்" என்று தொண்டை கிழியக் கூவி விற்றாள்.

"அது வெளிநாட்டு மீனாச்சே?" என்று அவளுக்கு மீன் பிடித்துத் தரும் வலைக்காரர் கேட்டதற்கு, "இந்த ஆத்துலதானே பொறந்துச்சு? போய் வேலையப் பாரு" என்றாள்.

ஒருநாள் அதிசயமாக அவர் வலையில் ஒரு கெண்டை சிக்கியது. அக்கா பூரித்துப்போய் அதைத் தட்டின் நடுவில் வைத்தாள். வாடிக்கையாக வரும் வாத்தியார் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது?"

"இதுதான் சார் அசல் நாட்டு மீன்!"

"யார் காதுல பூ சுத்துற? நாட்டு மீன் எதுன்னு எனக்குத் தெரியாதா, உன்கிட்டதானே வாங்குறேன்! இந்த மாதிரி வந்தேறிங்களை ஆத்துல விட்டுத்தான் நம்ம மீனெல்லாம் அழியுது."

அக்கா ஜிலேபியை நிறுத்துப் போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது கெண்டை. வாய் மட்டும் அக்காவுடையது.