கம்ப்ரஷன் கூட்டின காருக்கு செல்ப் மோட்டார் எடுத்த கதை

என் வீட்டுக்காரர் முப்பது வருசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிரைவர் முதுகையே பார்த்துப் பார்த்து ஏறின ஆசையில், ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினார். அதுவரைக்கும் சரி. ஆனால் புளியறை தாண்டி மலை ரோட்டில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் இவர் முகம் சுண்டிப் போகும். ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். இன்ஜின் ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துச் சீவி, கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டார்கள். கம்ப்ரஷன் என்பது இன்ஜினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் போட்டு அமுக்குகிற அமுக்கு. இறுக்கி அமுக்கினால் வேகமாக உதைக்குமாம். உதைத்தது, பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் மலையில் ஒரு லாரியை முந்திவிட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வந்த வினை என்னவென்றால், அத்தனை இறுக்கமான இன்ஜினை முதலில் சுற்றிவிட வேண்டிய செல்ப் மோட்டார் பழசு. காலையில் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது எப்படியோ சுற்றிவிடும். ஓடிச் சூடான பிறகு நிறுத்திச் சாவியைத் திருப்பினால் 'உர்ர்' என்று அரைச்சுற்று வந்து 'டொக்'கென்று நின்றுவிடும். அப்புறம் தள்ளத்தான் வேண்டும். ஸ்டியரிங்கில் அவர் இருப்பார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இறங்குவது யாராக இருக்கும்?

"ஏட்டி, எறங்கு. ஒரு நாலு பேரக் கூப்பிடு."

நாலு பேரைக் கூப்பிடுகிற தொண்டை எனக்குக் கிடையாது. தெரியாத ஆளிடம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறதுக்குப் பதில் நடந்தே போய்விடுகிறவள் நான். அவரோ 'உள்ள போ, உள்ள போ' என்று கத்தியே சம்பளம் வாங்கின மனுசர். நான் போய் டிக்கியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். பார்த்துப் பரிதாபப்பட்டு யாராவது வந்தால் உண்டு.

போன சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் நடந்ததோடு எனக்கு வெறுத்துப் போனது. அருவியில் குளித்து, சேலை மாற்றி, தலையில் துண்டோடு காரில் உட்கார்ந்தேன். உர்ர், டொக். இறங்கி டிக்கியில் கையை வைத்தேன். அந்நேரம் பார்த்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர், கோமணம் போலத் துண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் மினுமினுக்க வந்து சேர்ந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளினால் கை வழுக்குகிறது. ஒருத்தர் வழுக்கி வண்டி மேலேயே படுத்துவிட்டார்.

"ஏலே, தள்ளுதியளா, வண்டிக்கு எண்ணெ தேச்சு விடுதியளா?" என்று பழக்கடைக்காரர் சத்தம் போட்டார்.

ஒருவழியாக வண்டி உருண்டது. இவர் கிளட்ச்சை விட்டார். கம்ப்ரஷன் கூடின வண்டி இல்லையா, யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி வெட்டி நின்றது. தள்ளினவர்கள் எல்லாம் டிக்கியில் போய் மோதினார்கள். மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. அதற்குள் பஜாரே கூடிவிட்டது. ஒருத்தன் போனில் படம் பிடித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிக்கி மேலெல்லாம் எண்ணெய்க் கைத்தடம்.

அன்றைக்குச் சொன்னேன். "இனி இந்த வண்டிக்கு நல்ல செல்ப் போட்டாத்தான் ஏறுவேன். இல்லன்னா நீங்க கார்ல போங்க, நான் பஸ்ல வாரேன்."

"பஸ்லயா?"

"ஆமா. டிக்கெட் எடுத்து."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் வருத்தம்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு, சாரல் முகத்தில் அடிக்க இலத்தூருக்கு என் தங்கச்சி வீடு வரைக்கும் போய்வருவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை விடவும் மனசில்லை. இன்னொருதரம் டிக்கியில் கை வைக்கவும் முடியாது.

அவருக்கும் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் ஓட்ட வராது போல. மறுவாரமே தென்காசியில் வண்டி வயரிங் பார்க்கிற கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். ரெண்டு மோட்டாரை மேசையில் வைத்தார். ஒன்று பழைய மாதிரி, அம்மிக்குழவி கனத்தில். இன்னொன்று அதில் பாதி.

"பெருசப் போடுவோம். லாரி பேட்டரியும் ஒண்ணு வச்சிருவோம்" என்றார் இவர்.

"லாரி பேட்டரிய எங்கன வைக்க அண்ணாச்சி, மதினி மடியிலயா? இந்தச் சின்னதுக்குள்ள பல்சக்கரம் இருக்கு. மோட்டார் வேகமாச் சுத்தும், பல்சக்கரம் வேகத்தக் கொறச்சு பெலத்தக் கூட்டிரும். உங்க இன்ஜினுக்கு இதுதான் சரி. கரண்டும் கம்மியா இழுக்கும்."

"இத்துணூண்டு என் இன்ஜினச் சுத்துமா? போங்கய்யா."

எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் கடையில் வேறு ரெண்டு ஆம்பளைகள் நின்றார்கள். இவர் சட்டையை மெள்ள இழுத்து, காதுக்குள் சொன்னேன். "நம்ம கிரைண்டருக்கு அடியில இருக்கது சின்ன மோட்டார்தான. சின்னச் சக்கரத்துல இருந்து பெல்ட்டு போயி பெரிய சக்கரத்தச் சுத்துது. அம்புட்டுப் பெரிய கல்லே சுத்துதுல்லா?"

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ தனக்கே தோன்றின மாதிரி கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். "அதாவது கிரைண்டர் மாதிரிங்கிய!"

"அதேதான் அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

சின்னது முடிவானது. ஆனால் கடைக்காரர் அதை உடனே மாட்டவில்லை. மோட்டாரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதானாம். கரண்டு போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் நன்றாக இருக்கவேண்டுமாம். மீட்டரை வைத்துக்கொண்டு, இவரைச் சாவி திருப்பச் சொல்லி ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். கரண்டு திரும்பி வருகிற எர்த் வயரை இன்ஜினில் முடுக்கின இடத்துக்கு வந்ததும் நின்றார். ஸ்பேனரை வைத்துக் கழற்றினார். அடியில் பளபளவென்று சில்வர் பெயின்ட்.

"இது யார் பாத்த வேல?"

யார் பார்த்த வேலை? ஆயுத பூசைக்கு வருசா வருசம் இன்ஜினைத் துடைத்துப் பெயின்ட் அடிப்பது இவர்தான். பஸ் டெப்போவில் பழகின பழக்கம். வயரை ஒதுக்கிவிட்டு மேலாக அடிப்பார்கள் மற்றவர்கள். இவர் அதைக் கழற்றி, அடியிலும் ரெண்டு கை அடித்து, காயவைத்துத் திரும்ப முடுக்கி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்.

"கரண்டு திரும்பி வார வாசல அடச்சு வச்சுப் பொட்டும் வச்சிட்டியளே அண்ணாச்சி!"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் மட்டும், "சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சது," என்றார்.

அந்த இடத்தை வெள்ளையாகச் சுரண்டி, எர்த் வயரும் பேட்டரி வயரும் தடிமனாக, நீளம் குறைத்துப் போட்டார். பேட்டரியை ஒரு அளவு கூட்டினார். சின்ன மோட்டாரை மாட்டி, சைலன்சர் குழாய்ச் சூடு அதில் அடிக்காமல் நடுவில் ஒரு தகடும் வைத்தார். "கடையில வச்சு ஸ்டார்ட் ஆறது பெருசில்ல. மலையேத்திச் சூடாக்கிப் பாருங்க," என்றார்.

அப்படியே நேராகப் புளியறைக்குப் போய், மலையேறி இறங்கினோம். செக்போஸ்ட் பக்கத்தில் லாரி வரிசையாக நிற்கிற இடத்தில், டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி அணைத்தார். சுற்றிப் பார்த்தேன். அத்தனை லாரி டிரைவர்கள். டீ காருக்கே வந்தது. அவர் மடக்மடக்கென்று குடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஒரு கையில் கிளாஸும் ஒரு கை கதவுப் பிடியிலுமாக இருந்தேன். எப்படியும் இறங்கத்தானே வேண்டும்.

சாவியைத் திருப்பினார். இதுவரை கேட்காத ஒரு சத்தம், விசில் மாதிரி 'விய்ங்'. இன்ஜின் ஓடியது. சந்தோசத்தில் மனுசர் கியரைப் போட்டுப் பத்தடி போய்விட்டார்.

"எக்கா, கிளாஸு! கிளாஸு!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

வண்டி நின்றது. அணைத்தால் மறுபடி வருமோ வராதோ என்று, இவர் ஓடவிட்டபடியே ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் குடுத்துட்டு வா" என்றார்.

நான் இறங்கினேன். குனிந்து, "அமத்துங்க," என்றேன்.

"என்னட்டி?"

"பெட்ரோலு எதுக்கு வீணா? அமத்துங்க."

ஒருதரம் லாரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சாவியைத் திருப்பி அணைத்தார். நான் லாரிகளுக்கு முன்னால் மெதுவாக நடந்து போய், மிச்ச டீயையும் நின்று குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

"ரைட்," என்றேன்.