கூடையில் காத்திருந்த பெட்டி

எலிசபெத் அக்காவின் கடைக்கு வருகிறவர்களை யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. மெட்டுகுடாவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. சவப்பெட்டி விற்கிற கடை. ஆள் வந்தால் அக்கா எழுந்து நிற்பார், நாற்காலியைக் காட்டுவார், தண்ணீர் கொடுப்பார். கிளம்பும்போது "போயிட்டு வாங்க" கிடையாது. விசிட்டிங் கார்டு கிடையாது. விலையை அவர்களாகக் கேட்டால்தான் சொல்வார். துக்கத்தில் இருப்பவர்களிடம் வியாபாரி மாதிரி நடந்துகொள்ளக்கூடாது என்பது அக்காவின் கணவர் காலத்து வழக்கம். அவர் போன பிறகும் அக்கா அதை மாற்றவில்லை.

அப்படிப்பட்ட கடையைத்தான் இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். "பிசினஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்" என்ற வார்த்தையை இப்போது யார் சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடை படுத்துவிட்டது. இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களை நம்பி நடந்த கடை அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு சாவு என்றால் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். போனில் தேடினால் பெட்டி, வண்டி, பூ, பாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிற கம்பெனி ஒன்று வருகிறது. அக்காவின் கடை வரவே வராது. இரண்டு ஆசாரிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அக்காவுக்கு இந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. கடையும் பிழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் நாலு பேர் முகத்தில் விழிக்கவும் முடிய வேண்டும். இது இரண்டும்தான் அவருடைய கவலை.

ஒரு வருஷம் ஈ ஓட்டிய பிறகு மருமகன் யோகேஷ் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், காதலித்து அக்காவின் மகளைக் கட்டியவர், தங்கமான பையன். கொண்டாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கடைகளுக்கு ஆன்லைன் விற்பனை செய்து கொடுப்பதுதான் அவருடைய தொழிலே.

"அத்தை, ஒரே வாரத்துல உங்க கடையைத் தூக்கி நிறுத்திர்றனுங்க. நீங்க எதுவும் பண்ண வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. அவர் ஏற்கெனவே ஒரு கேக் கடைக்குச் செய்து வைத்திருந்ததை எடுத்து, கேக் படம் இருந்த இடத்தில் பெட்டிப் படத்தை வைத்துவிட்டார். பூ வேலைப்பாடு, பலூன் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்தார். பின்னாலிருந்து தானாகப் போகிற மெசேஜ்களை மாற்ற மட்டும் மறந்துவிட்டார்.

ஆனால் கடை எழுந்து நின்றது. அதை நான் மறுக்க முடியாது. முதல் மாதமே டொராண்டோவிலிருந்து ஒருவர் ஏ.எஸ்.ராவ் நகரில் தனியாக இருந்து இறந்துபோன தன் அம்மாவுக்கு ஆர்டர் போட்டார். அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அக்காவே பெட்டி, ஃப்ரீசர், வண்டி, ஃபாதர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, கல்லறையில் போனை உயர்த்திப் பிடித்து அவருக்குக் காட்டினார். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் அழுதார், அக்காவும் அழுதார். இப்படி ஒரு வேலையைப் பழைய கடையில் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கவே முடியாது.

மறுநாள் காலையில் அதே மனிதருக்கு அக்கா கடைப் பெயரில் ஒரு மெசேஜ் போனது. "எங்களிடம் வாங்கியதில் மகிழ்ச்சி! உங்களை விரைவில் மீண்டும் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்!" கீழே ஐந்து நட்சத்திரம், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி. அவர் பெரிய மனது பண்ணிச் சிரித்துக்கொண்டே அக்காவுக்கு அனுப்பி வைத்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

யோகேஷ் அதை மட்டும் நிறுத்தினார். வருஷம் திரும்பியதும் வேறொன்று முளைத்தது. கேக் கடையில் விசேஷ நாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்களாம், அடுத்த வருஷம் ஞாபகப்படுத்துவதற்கு. "உங்கள் இனிய நாள் நெருங்குகிறது!" என்று, முதல் நினைவு நாள் வரப்போகிற ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அதையும் நிறுத்தினார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகியது. இதற்கு நடுவில் பேகம்பேட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் சிறு வியாபாரிகள் கூட்டம் என்று கூட்டிப்போய், அக்காவை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். திரையில் விற்பனைக் கோடு ஒன்று மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்த ஒரு மெசேஜை மட்டும் யோகேஷ் நிறுத்தவே மாட்டேன் என்றுவிட்டார். ஒருவர் பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பணம் கட்டாமல் போய்விட்டால் அவருக்குப் போகிற மெசேஜ் அது.

"அத்தை, விட்டுட்டுப் போனவங்கள்ல பாதிப் பேரு அந்த மெசேஜைப் பாத்துத்தானுங்க திரும்பி வர்றாங்க. அதை நிறுத்துனா மறுபடியும் பழைய நெலமைதான்."

"நக்கோப்பா, வேணாம், மனசுக்கு ஒப்பல. சாவு வூட்டுக்காரங்களைத் துரத்திக்கினு போற மாதிரி கீது" என்றார் அக்கா. ஆனால் கணக்கு யோகேஷ் பக்கம்தான் இருந்தது. அந்த மாதம் ஆசாரிகளின் கூலி அப்படித் திரும்பி வந்தவர்களின் பணத்திலிருந்துதான் வந்தது. அக்கா அதற்கு மேல் தடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கடை முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ஆண்டனி அண்ணன். ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், கோயில் கமிட்டியில் பெரிய ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ரயில்வே காலனியே கேட்கும். இருபது நாள் முன்னால் அவரை வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று கோயிலில் ஜெபம் பண்ணினோம். எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்பு பாதியாக இருந்தது.

அக்கா எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அண்ணன் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"அடடா பிரசாத், எதையோ மறந்துவிட்டீர்களே! நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறது. இன்றே வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி!" கீழே அக்கா கடையின் பெயர்.

பிரசாத் அவருடைய ஒரே மகன். ஆஸ்பத்திரியில் தன் போனில் சார்ஜ் தீர்ந்துபோய், கையில் இருந்த அப்பாவின் போனிலேயே பெட்டி பார்த்திருக்கிறான். நம்பர் கேட்ட இடத்தில் அந்த நம்பரையே கொடுத்துவிட்டான். அப்பா பிழைத்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிருக்கும். எங்கள் கம்ப்யூட்டர்தான் மறக்காதே, தினம் காலையில் ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. அது தானா போவுது. நான் அனுப்பல."

"ஹவ், ஆமா, தெரியும். நீ ஏன் அனுப்பப் போற." அண்ணன் மூச்சு வாங்கினார். "அத்த வுடு. நான் அதுக்கு வரல. இவன் எந்தப் பெட்டி பாத்தான்? அத்த மட்டும் சொல்லு."

அக்கா தண்ணீரை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை.

"அதுல எல்லாம் தெரியுமாமே. காட்டு. நாப்பது வருசம் ராத்திரி டூட்டி பாத்துப் படிக்க வெச்சேன். எனக்குன்னு எத்த எடுத்தான்னு பாக்கணும்."

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நின்ற எனக்கும் திரை தெரிந்தது. பிரசாத் முதலில் 'விலை: குறைவானது முதலில்' என்பதை அழுத்தியிருக்கிறான். முதலாவதாக வந்ததையே கூடையில் போட்டிருக்கிறான். பிளைவுட், மேலே துணி ஒட்டியது. அதற்கும் கீழே எங்களிடம் எதுவும் கிடையாது.

நான் மனசுக்குள் பிரசாத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். இனி அண்ணன் இங்கேயே உடைந்துபோவார், நாளைக்குக் காலனி முழுக்க இந்தக் கடையின் பேச்சாகத்தான் இருக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார்.

"தேக்குண்ணே. பித்தளைக் கைப்பிடி போட்டது."

மரத்தைப் பற்றி அக்கா ஒருவரிடமும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இது வேம்பு, இது பலா, இது ஒட்டுப் பலகை என்று வாங்குகிறவர் கேட்காமலே சொல்லுகிற ஆள்.

"தேக்கா?" அண்ணன் இப்போதுதான் உட்கார்ந்தார். "கிறுக்குப் பய. எதுக்கு இவ்ளோ செலவு? மண்ணுக்குள்ள போறதுக்குத் தேக்கு இன்னாத்துக்கு? புள்ளகுட்டிக்காரன், கொஞ்சமாச்சும் யோசனை வேணாம்?" திட்டிக்கொண்டே போனார். முகம் மட்டும் கல்யாண வீட்டு மாமனார் முகம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை வாங்கி முழுவதையும் குடித்தார். பிறகு அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்.

கடையில் இருந்த ஒரே தேக்குப் பெட்டியை அக்கா காட்டினார். அண்ணன் அதன் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், ஃபிட்டர் அல்லவா. நீளம் போதுமா என்று கேட்டார். போதும் என்றார் அக்கா.

"இத்த யாருக்கும் தள்ளிவுட்றாதே எலிசபெத்து. எம் புள்ள எடுத்தது" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

ஆட்டோ திரும்பியதும் அக்கா பிரசாத்துக்கு போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"ஆன்ட்டி, நான் சும்மா ரேட்தான் செக் பண்ணேன். டாக்டர் ஹோப் இல்லன்னுட்டார். ஹாஸ்பிடல் பில் வேற ஏறிட்டே இருந்துச்சு. எனக்கு எதுவும் புரியல." எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவன் நிலைமையில் நான் இருந்திருந்தால் எதை அழுத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"தெரியும்ப்பா. நான் கொறை சொல்லல. அப்பா கிட்ட தேக்குன்னு சொல்லிக்கீறேன். அவரு கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு."

"தேங்க்ஸ் ஆன்ட்டி. தேக்கு எவ்ளோ ஆகும்?"

அக்கா விலையைச் சொன்னார்.

"ஓ. ஆஃபர் டைம்ல கொஞ்சம் குறையுமா ஆன்ட்டி?"

இறங்கிய கோபம் அப்படியே திரும்பி ஏறியது எனக்கு. அக்கா போனை வைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, தட்டுத் தடுமாறி அந்தத் தேக்குப் பெட்டியைத் தேடிப் பிடித்து, 'ஸ்டாக் இல்லை' என்று போட்டார்.

"அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? அவன் பணம் கட்டப்போறதில்ல. கடைலயே அதிக லாபம் வர்ற சரக்கு அது ஒண்ணுதான். அதைச் சும்மா வெச்சிக்கிட்டு வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"பொய் சொன்னது நானு வசந்தி. பிரசாத்தா சொன்னான்?"

அரை மணி நேரத்தில் யோகேஷிடமிருந்து போன். அங்கே எல்லாம் அவர் திரையில் தெரியுமே.

"அத்தை, தேக்கு ஏனுங்க ஸ்டாக் இல்லைன்னு காட்டுது? கொண்டாப்பூர்ல இருந்து இப்பத்தான் ஒருத்தர் கேட்டாருங்க."

"ஆர்டர் ஆயிடுச்சுப்பா."

"சிஸ்டத்துல வரலையே. யாரு பேருங்க?"

"ஆண்டனின்னு போடு. நேர்ல வந்து பாத்துட்டுப் போனாரு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. யோகேஷ் எதையும் பாதியில் விடாத பையன், எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"சரிங்க, போட்டுட்டேன். டெலிவரி தேதி எப்பன்னு போடட்டுங்க அத்தை?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவசரமில்லப்பா" என்றார். "எவ்ளோ லேட்டாவுதோ, அவ்ளோ நல்லது."