சட்டைக்கு வைத்த வணக்கம்

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரு பகல் முழுக்கக் கடலோரமாக நடந்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போர்ட்டிக்சனுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் அவர் சின்னக் கிராணியாக, ஆபீசில் கணக்கு எழுதுபவராக, இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஆபீசைப் பூட்டிய பிறகு எங்களோடு சேர்ந்து மரவள்ளிக்கிழங்கு நட்டார். மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிருந்தது, புதுசு எங்கும் கிடைக்காது. இருபதடிக்கு அப்பால் எருமையும் லாரியும் அவருக்கு ஒன்றுதான். அதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

என் அக்கா பாசிர் பாஞ்சாங் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தாள். அத்தானைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, துணைக்கு ஆளில்லை என்று மீன் விற்க வந்த மலாய்க்காரர் சொன்னார். போய் அழைத்துவர வேண்டும். பெரிய ரோட்டில் ஆள்பிடிக்கும் லாரி திரிந்ததால் கரையோரமாகவே போவது என்று முடிவு செய்தோம்.

"வழி தெரியுமாங்க?" என்றேன்.

"கடல வலது கைப்பக்கமா வச்சிக்கிட்டு நடந்தா ஊரு தானா வந்துரும்லா. இதுல தெரியறதுக்கு என்னா இருக்கு?"

விடியும்போது கிளம்பினோம். கடல் சொன்னபடி வலது கைப்பக்கம்தான் இருந்தது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறி வந்து, எங்களைச் சதுப்புக்காட்டுக்குள் தள்ளிவிட்டது. அங்கே அவருடைய ஒரு கால் செருப்பைச் சேறு விழுங்கியது. ரப்பர் ஷீட்டில் அவரே வெட்டிச் செய்த செருப்பு. கையை விட்டுத் துழாவி, சேறு பூசிய ஒரு தேங்காய் மட்டையைச் செருப்பென்று எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு வெகுதூரம் அவர் என்னோடு பேசவில்லை.

உச்சி வெயிலில் ஒரு திறந்த மணல்வெளிக்கு வந்தோம். நடுவில் ஒரு கம்பு. அதில் காக்கிச் சட்டையும் தொப்பியும் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். பேசாமல் வருகிற மனுஷனிடம் நானாக எதற்குப் பேசவேண்டும் என்று இருந்துவிட்டேன். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் குனிந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். அவர் கம்புக்கு எதிரே போய் நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளைய வணக்கம் வைத்தார். நிமிரச் சொல்லி உத்தரவு வரும் என்று அப்படியே காத்திருந்தார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கடலில் குளித்துக்கொண்டிருந்த சிப்பாய், இடுப்பில் கோவணத்தோடு கரையேறி வந்துகொண்டிருந்தான். சயாம் போன ஆண்களின் முகமெல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. நானும் குனிந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டையைக் காட்டி, "லாகி," என்றான், இன்னொரு தரம் என்று. இவர் மறுபடி சட்டைக்கே வணக்கம் வைத்தார். அவன் மணலில் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தான். பேர் கேட்கவில்லை, கடுதாசி கேட்கவில்லை. போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினான்.

தென்னந்தோப்பு எங்களை மறைத்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது சட்டைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "அவன சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செஞ்சேன்."

"ரெண்டாவது தரம் குனியறப்ப காலு ஏன் நடுங்குச்சு?"

"அது நடந்த களைப்பு."

என் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பொழுது சாயும்போது அக்கா வீட்டை அடைந்தோம். மண்ணெண்ணெய் டின்னில் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அழுதாள். சட்டைக் கதையைச் சொன்னதும் அடுப்பை மறந்து சிரித்தாள். உப்பு கொஞ்சம் தீய்ந்துபோனது.

நான்கு நாள் கழித்து ஒரு மலாய்க்காரரின் மாட்டு வண்டியில், கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களின் பாதை வழியாக, அக்காவையும் குழந்தையையும் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்கே கூட்டிவந்தோம். சண்டை முடிந்து அத்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பியபோது குழந்தை நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அவரைக் கண்டு அலறி, என் வீட்டுக்காரரை "அப்பா" என்று கட்டிக்கொண்டாள். அவளைத் தன் பக்கம் இழுக்க அத்தானுக்கு ஒரு மாதமும் நிறைய வாழைப்பழமும் பிடித்தன.