துணியில் சுற்றிய கல்

அப்பா புளியமரத்திலிருந்து விழுந்தது 1977-ஆம் வருடம் பங்குனி மாதம். அம்மா இன்றைக்கும் மாசி என்றுதான் சொல்கிறாள். அன்று நான் மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். மாசியில் முழுப்பரீட்சை வராது. ஆகவே என் நோட்டில் பங்குனி என்றே எழுதி வைத்திருக்கிறேன். கல் விஷயம் நடந்தது அதற்கடுத்த மார்கழியில் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை கிடையாது.

அப்பாவுக்கு முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஜவ்வாது மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். வைத்தியமெல்லாம் முடிந்தபின் கண்ணமங்கலத்துக்கு அப்பால் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே பாதிப் பேர் சக்கர நாற்காலியில் இருந்ததால் எங்கள் மலையில் அதற்கு ‘வண்டி ஆஸ்பத்திரி’ என்று பெயர். அம்மா துணைக்கு இருந்தாள். அம்மாவுக்குத் துணையாக நான். ஒன்றரை வயதுத் தம்பியை மேலே பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஐப்பசியில் எங்களைப் பார்க்க வந்த பெரியப்பா, அவன் பெரியம்மாவையே ‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்கியிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். பிறகு கழுவி வைத்திருந்த சோற்றுப் பானையை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அப்பா எல்லாவற்றையும் புதிதாகப் படித்தார். உட்காரப் படித்தார். கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறப் படித்தார். தினமும் காலையில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் குதிகாலையும் இடுப்பையும் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“உங்க காலு இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லாது. நீங்கதான் போய்ப் பாத்துக்கணும்” என்று சிஸ்டர் சொல்லுவார். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

மார்கழிக் கடைசிப் புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். உடம்பில் ஒரு புண்கூட இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. மலையில் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலை இடித்து, வண்டி நுழைகிற அளவுக்கு அகலமாக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு வாரம் முன்பே மூட்டை கட்டிவிட்டாள். தேவைப்பட்டபோதெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். போர்வையைச் சரிசெய்யப் போனவள் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஓடைக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. எங்கள் வீட்டில், மார்கழியில் ராத்திரி பயிர்க் காவலுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்குக் கால் விறைத்துப்போனால், ஒரு கல்லை அடுப்பில் காய வைத்துத் துணியில் சுற்றிப் பாதத்தில் வைப்போம். கொஞ்ச நேரத்தில் காலுக்கு உயிர் வந்துவிடும். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

துணைக்கு வந்தவர்கள் சமைக்கும் கொட்டகையில் அடுப்பு அப்போதுதான் அணைந்திருந்தது. அதன் மூன்று கல்லில் சின்னதாக ஒன்றை அம்மாவின் பழைய புடவைத் துண்டில் உருட்டி எடுத்துக்கொண்டு வந்து, போர்வைக்குள் இரண்டு பாதத்துக்கும் நடுவே வைத்தேன்.

“சூடு தெரியுதாப்பா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தெரியுது கண்ணு. எதமா இருக்குது” என்றார்.

நான் ஓடினேன். முற்றத்தில் அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர், லாரி ஓட்டி அடிபட்டவர், வண்டியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“கல்ல எடுத்துட்டியா?”

“இல்ல மாமா, அங்கதான் இருக்குது.”

அவர் சக்கரத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, “சிஸ்டர், சிஸ்டர்” என்று கத்தியபடி உள்ளே போனார். நல்ல செய்தியை எனக்கு முன்னால் அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்து எனக்குக் கோபம். குழாயடிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

நாங்கள் போனபோது துணி கருகிய வாடை வந்தது. சிஸ்டர் அப்பாவின் இடது குதிகாலைக் கையில் ஏந்தியிருந்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாகக் கொப்புளம். ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. கைக்கண்ணாடி அப்பாவின் தலைமாட்டில்தான் இருந்தது. அவர் அதைத் தொட்டிருக்கவில்லை.

“யாரு வெச்சது?”

“நாந்தான் வெக்கச் சொன்னேன் சிஸ்டர். குளிரா இருந்துது” என்றார் அப்பா.

“கால்லதான் உங்களுக்குக் குளிர் தெரியாதே” என்றார் சிஸ்டர்.

அம்மா அந்தக் கல்லைத் துணியோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாள், வெகுநேரம் வரவில்லை. வந்தபோதும் என்னைத் திட்டவில்லை. புடவைத் துண்டு கருகியதற்காகக்கூட.

புதன்கிழமை ரத்தானது. குதிகால் ஆறும்வரை மலைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (அப்பா வீடு வந்து சேர்ந்தது மறுவருடம் சித்திரையில்.) மேலே தகவல் சொல்ல வழியில்லை. சொன்னபடியே புதன்கிழமை பெரியப்பா புதுத்துண்டு போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவின் குதிகாலில் சுற்றியிருந்த கட்டுத்துணியை வெகுநேரம் பார்த்தார்.

“வாசலப் பெருசாக்கிட்டன்டா” என்றார்.

“அப்டியே இருக்கட்டும்ணே” என்றார் அப்பா.

என்னை ஊருக்கு அனுப்பிவிடும்படி சிஸ்டர் சொல்லியிருந்தார். கிளம்பும்போது அப்பா காதில், “அடுத்த தபா கல்லக் கம்மியாக் காய வெக்கிறேம்பா” என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, “சரி” என்றார்.

அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேர், மூங்கிலில் கம்பளி கட்டிய டோலியோடு காலையிலிருந்து காத்திருந்தார்கள். பெரியப்பாவையும் என்னையும் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: “இன்னா மாமா, ஆளு இவ்ளோ சுருங்கிட்டாரு?”

பெரியப்பா அவர்களைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். அதன்பின் யாரும் வேடிக்கை பேசவில்லை. ஆளை ஏற்றிவர மலை இறங்கிய டோலி காலியாக மேலே போகக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. என்னை ஏறச் சொன்னார்கள். ஏறினேன். மலை முழுக்க ராணி மாதிரி ஆடிக்கொண்டே போனேன் என்பதை இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஊர் முனையில் பெரியம்மா இடுப்பில் தம்பியோடு நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி ஆலம் கரைத்த தட்டை வைத்திருந்தாள். டோலி கனமாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஊரே ஓடி வந்தது. கம்பளியை விலக்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

தட்டு வைத்திருந்தவள் அதைக் கீழே இறக்கினாள். தம்பி என்னைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இவர்களுக்கு நல்ல சேதியை நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“அப்பாவுக்குக் கால்ல சூடு தெரியுது. நானே கேட்டேன்.”

பெரியம்மாவின் கண் விரிந்தது. “நெசமாவா? கேட்ட ஒடனே சொன்னாரா?”

பெரியப்பா குனிந்து டோலிக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

எதையும் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும் என்கிற வழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

“ஒடனே இல்ல பெரிம்மா, கொஞ்ச நேரம் கழிச்சிதான் சொன்னாரு” என்றேன். “சூடு கால்லேர்ந்து வாய் வரைக்கும் ஏறி வரணுமில்ல?”